எண்பதாவது கேக்

அந்தக் கட்டடத்தைவிட அதன் பெயர்ப்பலகை நீளம். 'இளம்பருவச் சர்க்கரை நோய் நிகழ்வு வீதம் மற்றும் தன்னெதிர்ப்புக் குறியீடுகள் நீள்காலக் கண்காணிப்பு உயராய்வு நிலையம்' என்று தெருவில் ஆரம்பித்து, கட்டடத்தின் மூலையில் திரும்பி, பக்கத்துச் சந்தில் போய் முடியும். தெருவில் வருகிறவர்கள் கண்ணில் 'இளம்பருவச் சர்க்கரை' வரைக்கும்தான் படும். ஏதோ மிட்டாய்க் கம்பெனி என்று நினைத்துப் புதிதாகக் குடிவந்த ஒருவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாராம். நிலையத்தார் வந்த பிள்ளையைச் சும்மா அனுப்பவில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டுதான் அனுப்பினார்கள்.

பலகைக்கு எதிர்ச்சாரியில் ஒரு பேக்கரி. பேக்கரிக்காரர் வாயில்லாப் பூச்சி. வெள்ளைக் கோட்டைக் கண்டால் எழுந்து நின்றுவிடுவார். அவர் கட்டியிருக்கும் ஏப்ரனும் வெள்ளைதான், மாவு படிந்து இன்னும் வெள்ளை என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. எண்களுக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. தன் செல்போன் நம்பரையே மனைவியைக் கேட்டுத்தான் சொல்வார். கல்லாவில் மனைவி உட்கார்ந்ததால் கடை பிழைத்தது. அப்போது மூன்றாம் வகுப்பு படித்த ஒரே மகளுக்கு வீட்டில் வாலு என்று செல்லப்பெயர். பெயருக்கு ஏற்ற பிள்ளை.

மனைவியின் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். வெளியூரில் பஸ் கண்டக்டர். எப்போதாவது அக்காவைப் பார்க்க வருவார், சாப்பிடுவதற்கு முன் சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வார். வாலு அவரை 'ஊசி மாமா' என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, ரொட்டி வாங்க வந்த நிலையத்து ஒருங்கிணைப்பாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டார். வாங்க வந்த ரொட்டி மறந்துபோயிற்று.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி," என்றாள் மனைவி.

"கூடப் பிறந்த தம்பியா?"

"கூடத்தான் பிறந்தான்."

"வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு ஆசையாக விசாரித்திருக்க மாட்டார்கள். மறுநாளே பேக்கரிக்காரர், மனைவி, வாலு மூன்று பேரும் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம உடம்புல காவல்காரங்க இருக்காங்க," என்று ஒருங்கிணைப்பாளர் அம்மா விளக்கினார். "நோய்க்கிருமி வந்தா அடிச்சு விரட்டறது அவங்க வேலை. சில பேருக்கு அந்தக் காவல்காரங்களே புத்தி கெட்டுப்போய், இன்சுலின் சுரக்கற செல்லையெல்லாம் நொறுக்க ஆரம்பிச்சுடுவாங்க. நொறுக்கறதுக்கான தடயம் ரத்தத்துல தெரியும். அதுக்குப் பேர்தான் குறியீடு. நோய் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே நாங்க கண்டுபிடிச்சுடுவோம்."

"கண்டுபிடிச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"கண்காணிப்போம்."

"கண்காணிச்சு?"

"தொடர்ந்து கண்காணிப்போம்."

மனைவி கணவனைப் பார்த்தாள். கணவனுக்கோ அந்த வார்த்தை பிடித்துவிட்டது. வாசலில் ஒரு போலீஸ்காரர் இருபத்து நாலு மணி நேரமும் நிற்பதுபோல ஒரு நிம்மதி. அதோடு ஒருங்கிணைப்பாளர் அம்மா குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். நோயைத் தள்ளிப்போடுகிற மருந்து ஒன்று தயாராகிறது. ஆய்வு முடிந்ததும் அது முதலில் நிலையத்துப் பிள்ளைகளுக்குத்தான். ஒரே நிபந்தனை, வெளியே எங்கேயும் ரத்தப் பரிசோதனை செய்யக்கூடாது. செய்தால் பிள்ளை ஆய்விலிருந்து நீக்கப்படும், மருந்தும் கிடையாது. தன் தம்பி படும் பாட்டை நினைத்து மனைவி கையெழுத்துப் போட்டாள்.

நிலையத்தில் ஒரு பெரிய கொள்கை இருந்தது. அதற்குப் பெயர் திரை. பிள்ளையின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் குடும்பத்தோடு பேசக்கூடாது. குடும்பத்தோடு பேசுகிறவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. பெற்றோருக்குத் தெரிந்தால் பிள்ளையை வேறு மாதிரி வளர்ப்பார்கள், நோய் தன் இயல்பான போக்கில் போகாது, அறிவியல் கெட்டுவிடும். ஆகவே ஊழியர்கள் அறிந்தோர், அறியாதோர் என்று இரண்டு சாதியாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். தனித்தனி லிஃப்ட், தனித்தனி டீ, தனித்தனிக் கழிப்பறை. நடைபாதையில் குடும்பம் எதுவும் எதிரே வந்துவிட்டால், அறிந்தோர் உடனே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். முகத்தைப் பார்த்து யாரும் எதையும் ஊகித்துவிடக் கூடாதல்லவா. முதல்நாள் வரிசையாக ஆறு வெள்ளைக் கோட்டுகள் சுவரைப் பார்த்து நிற்பதைக் கண்ட பேக்கரிக்காரர், ஏதோ மரியாதை போலிருக்கிறது என்று தானும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஒருங்கிணைப்பாளர் அம்மா அறியாதோரில் மூத்தவர். "பதினோரு வருஷமா இங்க எதுவுமே தெரியாம இருக்கேன்," என்று பெருமையாகச் சொன்னார். அதற்காக அவருக்குக் கொடுத்த கேடயம் மேசைமேல் இருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அங்கே தடை. வாலுவுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பதிவு மேசையில் நம்பரைக் கேட்பார்கள், பேக்கரிக்காரர் தலையைச் சொறிவார். வாலுதான் மேசை விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "ஏழு ஏழு பூஜ்யம் நாலு ஒன்பது ரெண்டு," என்று ராகம் போட்டுச் சொல்வாள். வெளியே வந்ததும், "உள்ள போனா எனக்கு வேற பேரு," என்று குதித்துக்கொண்டே தெருவைக் கடப்பாள்.

இப்படியே நாலு வருஷம் ரத்தம் கொடுத்தாள். அந்த நாலாவது வருஷத்தில்தான் கேக் வியாபாரம் ஆரம்பித்தது.

கொள்முதல் பிரிவில் ஒரு எழுத்தர் இருந்தார். வாயைத் திறந்தால் கொட்டேஷன் என்பதால் அவர் பெயரே கொட்டேஷன் ஆகிவிட்டது. அவர் பேக்கரிக்குப் போன் செய்தார்.

"கேக் ஒண்ணு வேணும். மூணு கொட்டேஷன் குடுங்க."

"இந்தத் தெருவுல கடை ஒண்ணுதானே சார் இருக்கு."

"அதனால என்ன? மூணையும் நீங்களே குடுங்க. ரெண்டுல விலையை ஏத்திப் போடுங்க. மூணாவதைத் தேர்ந்தெடுப்போம். போட்டி நேர்மையா நடக்கணும்."

"சர்க்கரை கம்மியாப் போடட்டுமா சார்? உங்க நிலையத்துக்குன்னா..."

"எதுக்கு? சர்க்கரை நோய் எங்களுக்கா இருக்கு? தாராளமாப் போடுங்க."

கேக்கின் மேல் என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர் சொன்னார். மேலே 'வாழ்த்துகள்'. நடுவில் பெரிதாக 61. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆறு இலக்க எண் ஒன்று. யாரோ பெரியவருக்கு அறுபத்தோராவது பிறந்தநாள், கீழே இருப்பது அவருடைய அலுவலக எண் என்று பேக்கரிக்காரர் முடிவு கட்டிக்கொண்டார். அடுத்த மாதம் 62 என்று ஆர்டர் வந்தது. அதற்கு அடுத்த மாதம் 63. பிறகு ஒரே மாதத்தில் 64, 65.

"மாசாமாசம் ஒருத்தருக்கு ஒரு வயசு கூடுதே, என்ன ஆளு இவர்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நமக்கெதுக்கு? கேக்குக்குக் காசு வருதுல்ல," என்றாள் அவள்.

இந்தச் சமயத்தில் பெற்றோர் நாள் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரையெல்லாம் கூப்பிட்டு இயக்குநர் உரையாற்றுவார். இயக்குநருக்கு எல்லாம் தெரியும். எனவே அவர் முகத்தைப் பெற்றோர் பார்க்கக் கூடாது. மேடையில் ஒரு நீலத்திரை தொங்கியது. அதன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பெற்றோர்களே, வணக்கம். என் முகம் உங்களுக்குத் தெரியாமல் இருப்பது உங்கள் நன்மைக்கே. இன்று உங்களோடு ஒரு மனவருத்தத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம் கணக்குப்படி இந்நேரம் எண்பது நிகழ்வுகள் முடிந்திருக்க வேண்டும். எண்பது வந்தால்தான் ஆய்வு நிறைவடையும், உலகம் நம்மைத் திரும்பிப் பார்க்கும். ஆனால் எழுபத்தாறில் நிற்கிறோம். குறியீடுகள் எல்லாம் நன்றாக இருந்தும், சில பிள்ளைகள் வருடக்கணக்கில் ஆரோக்கியமாகவே இருந்து காலம் கடத்துகிறார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. மற்ற நாடுகளில் இதே வயதுப் பிள்ளைகள் எவ்வளவு பொறுப்போடு நடந்துகொள்கிறார்கள் என்பதை மட்டும் இந்த வரைபடத்தில் பாருங்கள்."

வரைபடத்தில் ஒரு கோடு ஜோராக மேலே ஏறியது. இன்னொரு கோடு கீழே சோம்பிப் படுத்திருந்தது. படுத்திருந்தது நம்முடையது. பெற்றோர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள், பிறகு கைதட்டினார்கள்.

பேக்கரிக்காரர் பக்கத்தில் நின்ற ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "நிகழ்வுன்னா என்னம்மா?"

"ஒரு பிள்ளைக்கு நோய் வந்தது உறுதியானா, அது ஒரு நிகழ்வு."

எண்கள் அவருக்கு ஞாபகம் நிற்காது. ஆனால் போன வாரம் தன் கையால் கிரீமில் எழுதிய எழுபத்தாறு மட்டும் கண்முன்னே வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைக்கு நோய் வந்ததுக்குக் கேக் வெட்டறானுங்களா?"

"வாழ்த்துகள்னு வேற நான்தான் எழுதியிருக்கேன்."

"அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டாவது குடுத்தாங்களா?"

"அவங்களே சாப்பிட்டுட்டாங்க."

"நல்லா இருப்பாங்களா இவங்க?" என்றாள். "வயிறு எரியுதுங்க. போதும், பிள்ளையை நிறுத்திடலாம்."

"மருந்து வரும்னு சொல்றாங்களே. எண்பது ஆனா ஆய்வு முடிஞ்சுடும். இன்னும் நாலுதான் பாக்கி."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எதற்கு ஆசைப்பட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. நாலு வீட்டுப் பிள்ளைகள். அவர் அடுத்த ட்ரேயை எடுத்து ஓவனுக்குள் தள்ளினார். வாலுவுக்கு அந்த மருந்து கிடைக்க வேண்டும் என்கிற ஒரே எண்ணத்தில் இரண்டு பேரும் அந்தப் பேச்சை அதோடு விட்டார்கள்.

கோடை வந்தது. வாலு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூட பாட்டில் வழியிலேயே காலியாகும். வீட்டுக்குள் நுழைந்ததும் பானையிடம்தான் ஓடுவாள். பாயை நனைத்துவிட்டு அழுதாள். தட்டு தட்டாகச் சாப்பிட்டாள்; யூனிஃபார்ம் பாவாடை இடுப்பில் நிற்காமல் அம்மா ஊக்கு குத்திவிட்டாள்.

"தெருமுனை கிளினிக்ல காட்டிட்டு வந்துடறேன்," என்றாள் மனைவி.

"வெளிய டெஸ்ட் பண்ணா பேரை அடிச்சுடுவாங்க. ஓவன் சூட்டுக்குத் தாகம் எடுக்காதா? அதுவுமில்லாம அவங்கதான் விடாம ரத்தம் எடுத்துக்கிட்டே இருக்காங்களே. ஏதாவது இருந்தா சொல்ல மாட்டாங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் அந்த வீடு தூங்கியது. நிலையம் மட்டும் எதிரில் இல்லாதிருந்தால், எந்தத் தாயும் செய்வதுபோல அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பாள்.

நிலையத்தில் முறைப்படி சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுக்கும் நாள் வந்தபோது, பேக்கரிக்காரர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"பிள்ளை ரொம்பத் தண்ணி குடிக்கறாம்மா."

ஒருங்கிணைப்பாளர் அம்மா அவசரமாகக் காதைப் பொத்திக்கொண்டார். "என்கிட்ட சொல்லாதீங்க. நான் உயரம், எடை மட்டும்தான். தாகம் கேட்கறது வேற பிரிவு. அவங்க அடுத்த காலாண்டுல கேட்பாங்க. அதுவரைக்கும் ஞாபகம் வெச்சுக்கோங்க."

"எடை குறைஞ்சிருக்கே."

"அதை எழுதிட்டேன். குறைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாது. எழுதினது மட்டும்தான் தெரியும்."

திரும்பி வரும்போது நடைபாதையில் அறிந்தோர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்தபடியே மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் போலிருக்கிறது என்று பேக்கரிக்காரர் நினைத்துக்கொண்டார்.

சில வாரம் போயிற்று. வாலுவிடம் குதியாட்டம் குறைந்தது. ஒருநாள் காலையில் அவள் அப்பாவின் தோளில் சாய்ந்தபோது, அவள் மூச்சில் அன்னாசி எசன்ஸ் வாசனை அடித்தது. கேக்குக்கு ஊற்றுகிற அதே வாசனை.

"எசன்ஸ் பாட்டிலைத் திறந்தியா?"

"இல்லப்பா."

"பொய் சொல்லாத. வாய் மணக்குது. அது என்ன ஜூஸா?"

அவள் அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவர் எசன்ஸ் பாட்டிலை எடுத்து மேல்தட்டில் வைத்துப் பூட்டினார்.

அன்று காலையில்தான் கொட்டேஷன் போன் செய்தார். குரலில் கல்யாண வீட்டுக் களை.

"எண்பது வந்தாச்சு. கமிட்டி கூடி உறுதி பண்ணிட்டாங்க. பெரிய விழா. மூணு அடுக்கு கேக். சாயங்காலம் விருந்தாளிங்க வர்றாங்க, கொட்டேஷன்கூட வேண்டாம். எழுதிக்கோங்க."

திரை கொள்முதல் பிரிவுக்குக் கிடையாது. ஆணி வாங்குகிறவர்களுக்கும் கேக் வாங்குகிறவர்களுக்கும் எதற்குத் திரை என்று அந்த அறிவாளிகள் விட்டுவிட்டார்கள். கொட்டேஷன் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார்; பேக்கரிக்காரர் மாவு படிந்த மேசையிலேயே விரலால் எழுதிக்கொண்டார். மத்தியானத்துக்குள் மூன்று அடுக்கும் எழும்பின. வெள்ளை ஐசிங், ஓரத்தில் ரோஜாப் பூ. கிரீம் கோனைப் பிடித்து 'வாழ்த்துகள்' எழுதினார். பெரிதாக 80 எழுதினார். மேசையைப் பார்த்துப் பார்த்துக் கீழே பொடி எழுத்தில் 770492 என்று எழுதினார். யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம் என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்லி வாலுவைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். பையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தவள் கேக்கைப் பார்த்து நின்றாள். முகம் மலர்ந்தது.

"அப்பா, இது என் நம்பர்."

"என்னது?"

"ஏழு ஏழு பூஜ்யம் நாலு ஒன்பது ரெண்டு." ராகம் போடத் தெம்பில்லை, மூச்சு வாங்கியது. "நிலையத்துல என் பேரு. இந்தக் கேக்கு எனக்காப்பா?"

பேக்கரிக்காரர் எண்ணைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"ஒரு துண்டு வெட்டிக் குடு. இல்ல, முதல்ல தண்ணி குடு," என்று சொல்லி, அவள் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

கோன் கீழே விழுந்தது. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏப்ரனோடு ஓடினார். கல்லாவைத் திறந்தபடி விட்டுவிட்டு மனைவி பின்னால் ஓடினாள்.

முனை கிளினிக் டாக்டர் குழந்தையின் முகத்தருகே குனிந்ததும் நிமிர்ந்தார். "சர்க்கரை முத்தினா மூச்சுல வர்ற வாசனை இது. எப்பலேர்ந்து?"

"எசன்ஸ்னு நினைச்சேன் டாக்டர்," என்று பேக்கரிக்காரர் அழுதுவிட்டார்.

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து மீட்டரில் வைத்தார்கள். மீட்டர் எண்ணைக் காட்டவில்லை. தன்னால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று மட்டும் காட்டியது. டாக்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டே கேட்டார். "ரத்தம் எங்கயும் டெஸ்ட் பண்ணவே இல்லையா?"

"நாலு வருஷமா பண்றாங்க," என்று மனைவி ஜன்னல் வழியே கையைக் காட்டினாள். அங்கிருந்து பார்த்தால் 'உயராய்வு நிலையம்' தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கையில் சலைன், இன்னொரு கையில் இன்சுலின் ஏறியது. பேக்கரிக்காரரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கேக் எங்கே, விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், கத்திக்கு ரிப்பன் கட்டியாகிவிட்டது என்றார் கொட்டேஷன். மனைவி போனை வாங்கினாள். "கேக்கு கடையிலதான் இருக்கு. பிள்ளை ஆஸ்பத்திரியில இருக்கு. எது வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். "எங்களுக்கு ஆர்டர் கேக்குக்குத்தாங்க," என்று பதில் வந்தது.

இரண்டாம் நாள் வாலு கண் திறந்து பன் கேட்டாள். அன்றைக்குத்தான் இயக்குநர் வார்டுக்கு வந்தார். விஷயம்தான் வெளியே தெரிந்துவிட்டதே, இனி எதற்குத் திரை என்று நீங்கள் கேட்கலாம். விதி என்றால் விதி. இரண்டு ஊழியர்கள் ஒரு மடக்குத் திரையைத் தூக்கி வந்து கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உங்க மகள் விஷயத்துல எனக்கு ரொம்ப வருத்தம். அருமையான நிகழ்வு. கெட்டுப்போச்சு. நாங்க முறைப்படி அறிவிக்கறதுக்கு முன்னாடியே நீங்க வெளிய போய்க் கண்டுபிடிச்சதால இது இனி கணக்குல சேராது. மறுபடியும் எழுபத்தொன்பதுக்கு வந்துட்டோம். யார் உங்களுக்குச் சொன்னது?"

"கேக்," என்றார் பேக்கரிக்காரர்.

"எப்ப சார் தெரியும் உங்களுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"குறியீடு நாலு வருஷம் முன்னாடியே தெரியும். நோய் வந்தது போன மாசம். அம்மா, அறிகுறியே இல்லாத காலத்துல நாங்க கண்டுபிடிச்சிருக்கோம். இது எவ்வளவு பெரிய சாதனைன்னு உங்களுக்குப் புரியல."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வைத்தியம் பண்ணியிருப்பீங்க." குரலில் உண்மையான வேதனை இருந்தது. "எல்லாரும் வைத்தியம் பண்ணிக்கிட்டே இருந்தா, வைத்தியம் பண்ணாட்டா என்ன ஆகும்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

மனைவி எழுந்து போய்த் திரையை ஒரு இழுப்பு இழுத்தாள். அது ஊழியர்களோடு சேர்ந்து சரிந்தது. பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் நின்றிருந்தார். வழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார், சுவர் தூரத்தில் இருந்தது.

"இத்தனை வருஷமா மறைச்சு வெச்ச மூஞ்சி இதுதானா?" என்றாள் அவள். "இதுல மறைக்க என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே."

நிலையத்தில் விசாரணைக் கமிட்டி அமைத்தார்கள். ஒரு குழந்தை உயிர் பிழைத்தது எப்படி என்று கமிட்டி தீர விசாரித்தது. கொள்முதல் பிரிவில் ரகசியம் கசிந்ததே காரணம் என்று கண்டுபிடித்து, கடுமையான நடவடிக்கை எடுத்தது. இனிமேல் கேக்கின் மேல் பிள்ளையின் எண் எழுதப்பட மாட்டாது. நிகழ்வு எண் மட்டும் போதும். கொட்டேஷனையும் அறியாதோரில் சேர்த்தார்கள். வாலுவின் பெயருக்கு எதிரே 'கண்காணிப்பிலிருந்து தவறியவர்' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். பேக்கரியை மட்டும் மாற்றவில்லை. மூன்று கொட்டேஷனிலும் அவர்தான் குறைந்த விலை.

வாலு வீட்டுக்கு வந்தாள். ஊசி மாமா லீவு போட்டு வந்து, வயிற்றில் எங்கே குத்தினால் வலிக்காது என்று சொல்லிக்கொடுத்தார். "என் பட்டத்தைப் பிடுங்கிட்டியேடி," என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அக்கா பார்த்தாள்.

கொஞ்ச நாளில் போன் வந்தது.

"கேக் வேணும். எண்பதுதான், திரும்பவும். நம்பர் கிடையாது. யாருன்னு எனக்கே தெரியாது," என்றார் கொட்டேஷன்.

பேக்கரிக்காரர் போனின் வாயைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். முடியாது என்று சொல்லத்தான் அவர் வாய் எடுத்தார்.

"சரின்னு சொல்லுங்க," என்றாள் மனைவி.

பெற்றோர் நாளில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், கடைக்கு பன் வாங்க வருகிறவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லோருடைய நம்பரையும் அவள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தாள். கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒரே வாக்கியம்தான். "கேக் ஆர்டர் வந்திருக்கு, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு முனை கிளினிக்குக்கு வாங்க." மருந்து, பேர் நீக்கம் என்று இழுத்தவர்களிடம் வாலு போனை வாங்கி, தான் குடித்த தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். அதற்கு மேல் யாரும் இழுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கிளினிக் வாசலில் வரிசை நின்றது. ஒரு தையல்காரர் வீட்டுப் பையனுக்கு மீட்டரில் எண் ஏறியது. அவனுக்கு அதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. ஊசியோடு சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வெளியே கண்டுபிடித்தது என்பதால் அந்த நிகழ்வும் கெட்டது. நிலையம் கேக்கை ரத்து செய்தது. வரிசையில் நின்றவர்கள் அதை வெட்டிச் சாப்பிட்டார்கள். தையல்காரர் பையனுக்கும் அளவு பார்த்து ஒரு துண்டு கிடைத்தது.

அதற்குப் பிறகு நாலு தடவை எண்பதாவது கேக்குக்கு ஆர்டர் வந்துவிட்டது. நாலு தடவையும் ரத்து. இயக்குநர் இப்போது இதைப் பற்றியே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். எழுபத்தொன்பது வரை சீராக ஏறிய நோய், எண்பதில் வந்து மர்மமாக நின்றுவிடுகிறதாம். பேக்கரி ஓவனின் வெப்பம் காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய துணிபு. உலகம் அவரைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. பரிசும் உண்டு என்கிறார்கள்.

இன்று காலையும் போன் அடித்தது. வாலு ஊசி போட்டுக்கொண்டு, போட்ட அளவுக்கு ஏற்பப் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எண்பதாப்பா?"

"எண்பதுதான்."

மிச்சப் பன்னை வாயில் திணித்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்லச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அம்மா போனை எடுத்து முதல் நம்பரை அழுத்தினாள். பேக்கரிக்காரர் கோனைப் பிடித்து 'வாழ்த்துகள்' என்று எழுதினார். அது எந்தப் பிள்ளைக்கு என்று சாயங்காலம் தெரிந்துவிடும். அதற்குக் கீழே பெரிதாக எண்பது எழுதினார். அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் இப்போது அவர் மனைவியைக் கேட்பதில்லை.